ஏலக்கூடத்து நிழல்

இந்தப் பக்கம் வந்து உட்காருங்க அக்கா, அங்கே வெயில் ஏறிவிட்டது. காலையிலிருந்து நானும் இந்த வேப்பமர நிழலோடு சேர்ந்து நகர்ந்து நகர்ந்து, சுவர் ஓரத்திலிருந்து இந்த பெஞ்சுக்கு வந்திருக்கிறேன். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறாராம். பன்னிரண்டு மணி என்றார்கள், அப்புறம் இரண்டு என்றார்கள், இப்போது நாலு என்கிறார்கள். உள்ளே ரைட்டர் மட்டும்தான். அவரும் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார். எழுப்பினால் கோபப்படுவார், விடுங்க.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள்? ரேஷன் கார்டு தொலைந்துவிட்டதா? அது சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன். கான்வென்ட்டில் படித்தவள், கையெழுத்து ஒழுங்காக இருக்கும். இதே ஸ்டேஷனில் என் வாக்குமூலத்தைப் பார்த்துவிட்டு அந்த ரைட்டர், "அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா" என்று சொன்னார்.

ஆமாம், வாக்குமூலம்தான். அந்தக் குழந்தை கேஸ். நான்தான் அந்தக் குழந்தையின் அம்மா.

உங்களுக்கும் தெரியுமா? ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும், நான்தான் மடச்சி. "புள்ள புடிக்கிறவகிட்டேர்ந்து பெத்த புள்ளையக் காப்பாத்துன பொண்ணா நீ" என்று கேட்டீர்களே, மூன்று வாரத்தில் என்னிடம் இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் அக்கா. எங்கள் வீட்டில் ஒரு ஆள் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. என் அத்தை கேட்கவில்லை. பெற்ற அம்மா, போனில், "சரி விடு ஜெனோவா, நீ கொஞ்சம் தூங்கு" என்கிறாள். எல்லோருக்கும் நான் தூங்கணும். அதைத் தவிர என்னிடம் சொல்வதற்கு யாருக்கும் ஒன்றுமில்லை.

இல்லை, குழந்தையைக் கொண்டுவரவில்லை. திருச்சியில் அத்தையிடம் இருக்கிறான். அத்தை விடவில்லை. "ஸ்டேஷனுக்கெல்லாம் பச்சப்புள்ளையத் தூக்கிட்டுப் போவாங்களா" என்றார்கள். அது சரிதான். ஆனால் ஸ்டேஷன் இல்லாத நாளிலும் அவன் அவர்களிடம்தானே இருக்கிறான். அவர்கள் அறையில்தான் தூங்குகிறான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன். கதவைத் தட்டினால், "இருக்கான், இருக்கான், போய்ப் படு" என்று உள்ளே இருந்து குரல் வருகிறது. பால் கட்டிக்கொண்டு நெஞ்செல்லாம் கல்லாக இருக்கிறது. அதனால்தான் முந்தானையை இப்படி இழுத்துப் போர்த்தியிருக்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. ஏழு மாதம். இன்றைக்கு ஏழு மாதமும் இருபத்தோரு நாளும்.

அவன் பிறந்தபோது எட்டாம் மாதம். பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நர்ஸ், நல்ல பெண்தான், "மூச்சைக் கவனிச்சிக்கிட்டே இருங்க" என்றாள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு நிமிஷத்துக்கு நாற்பது. சில சமயம் முப்பத்தெட்டு. என் வீட்டுக்காரர் ஆன்டோ, ஐஸ் கம்பெனிகளில் கம்ப்ரசர் ரிப்பேர் பார்ப்பவர். "நான்கூட மெஷினை இப்படிப் பார்க்கிறதில்ல ஜெனோ" என்று சிரிப்பார். அப்போது சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை.

இந்த ஊருக்கு என்னைக் கூட்டிவந்ததே அவர் யோசனைதான். அதை யாரும் பேசுவதில்லை பாருங்க. இப்போது தடைக்காலம், உங்களுக்குத் தெரியாததா. இரண்டு மாதம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, மீன் வராது, ஐஸ் கம்பெனி மூடிக் கிடக்கும். மூடிக் கிடக்கும்போதுதான் மெஷினைப் பிரித்து மாட்ட முடியும். "நாலு நாள் வேலை. நீயும் வா. கடல் காத்து, நல்லாத் தூங்கலாம்" என்றார். கடல் காற்று! மே மாதம் இந்த ஊரில் எங்கே அக்கா காற்று? பதினோரு மணிக்கு நின்றால் நாலு மணிக்குத்தான் வருகிறது.

லாட்ஜில் நாங்கள் மட்டும்தான். மாடியில் எட்டு அறை, ஏழு பூட்டியிருந்தது. மேனேஜர் அருளப்பன், "சீசன்ல வந்திருந்தீங்கன்னா இந்த ரூம் ஒங்களுக்குக் கெடச்சிருக்குமா? காலை நீட்டிப் படுங்க, ராஜா மாதிரி" என்றார். எதிரே ஹோட்டலில் இட்லி இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. மீன் இல்லாத ஊரில் மீன் குழம்பு கேட்டுத் திட்டு வாங்கினார் என் வீட்டுக்காரர். கரையில் படகையெல்லாம் ஏற்றி வைத்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் அடிக்காதவர்கள் அந்தப் படகு நிழலில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாத ஆண்கள் இத்தனை பேரை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை. பயமாக இருந்தது. பயமாக இருந்தது என்று சொல்வது தப்பா?

அந்தப் பெண் எங்கள் அறையைப் பெருக்க வந்தாள். தெய்வானை. பேர்கூட அப்போது தெரியாது, பிறகு இங்கே எழுதும்போதுதான் தெரிந்தது. அவள் இந்த ஊர்க்காரியும் இல்லை. தெற்கே ஏதோ குப்பத்தில் மீன் கூடை தூக்குகிறவளாம். தடைக்காலத்தில் கூடைக்கு வேலை இல்லை. லாட்ஜில் பெருக்குகிற அவள் தங்கைக்கு உடம்பு சரியில்லையென்று அவளுக்குப் பதிலாக வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதனால்தான் அந்தப் படகுக்காரர்களுக்கு அவள் முகம் பழக்கமில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் அக்கா? நான் என்ன விசாரித்துவிட்டா கத்த முடியும்?

முதல் நாளே குழந்தையைப் பார்த்து, "ஏன் தாயி இப்புடிச் சுத்தி வச்சிருக்க? வெந்துபோயிடுவான்" என்றாள். காற்று ஆகாது, குறைமாதக் குழந்தை என்று சொன்னேன். "காத்து பட்டா கரைஞ்சா போயிருவான், உப்பா அவன்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். பெரிய குரல். தெருவில் மீன் கூவி விற்ற குரல். "நான் நாலு பெத்தவ. மூணு நிக்குது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் துடைப்பத்தை நிறுத்தவில்லை, பெருக்கிக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. நிற்காத ஒன்றை நினைத்து இன்னொருத்தி குழந்தையை எடுப்பார்கள் என்று நான் படித்திருக்கிறேன்.

எங்கே படித்தேனா? எங்கள் அம்மாக்கள் குரூப் ஒன்று இருக்கிறது, வாட்ஸாப்பில். நூற்றுப்பத்துப் பேர். அதில் அந்த வாரம் ஒரு வாய்ஸ் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண், வீட்டு வேலைக்கு வருவது போல வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறாள், கடற்கரை ஊர்களில் நடமாடுகிறாள், ஜாக்கிரதை என்று. இரண்டாம் நாள் காலையில் நான் அதை மேனேஜருக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு முன்னெச்சரிக்கைதானே. "அய்யய்யோ, எனக்கு அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். அவர் யார் யாருக்கு அனுப்பினாரோ, அது எனக்கு எப்படித் தெரியும்? எல்லோரும்தான் அனுப்புகிறார்கள். அனுப்பாமல் இருந்து ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து என் போனை எடுத்து வைத்துக்கொண்டார். தண்டனை கொடுப்பதற்கு நான் என்ன ஸ்கூல் பிள்ளையா?

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. சொல்கிறேன், நான் உள்ளது உள்ளபடி சொல்கிறேன். வேறு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

ஏழு மணிக்கு அவர் ஐஸ் கம்பெனிக்குப் போய்விட்டார். எட்டு மணிக்கே தரை கொதிக்கிறது. ஒன்பது, பத்து, பதினொன்று. அந்த அறையில் ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் வெயில், மூடினால் புழுக்கம். நான் திறந்து மூடி, திறந்து மூடி அதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். அதற்கு முன் இரண்டு நாளும் எனக்குக் கண் ஒட்டவில்லை. புது இடம், கதவுத் தாழ்ப்பாள் வேறு சரியில்லை. அவன் தூங்கும்போது நான் எண்ணினேன், அவன் விழித்தபோது பால் கொடுத்தேன். பன்னிரண்டரைக்கு கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. நின்றதும் குழந்தை கத்த ஆரம்பித்தான். சும்மா அழுகை இல்லை அக்கா, முகம் சிவந்து, வயிறு உள்ளே போய், மூச்சு வராமல் ஒரு நொடி நின்று, பிறகு கத்துவான். அந்த ஒரு நொடி. அந்த ஒரு நொடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவனைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம்தான்.

அப்போது அவள் வந்தாள். கையில் ஒரு பனையோலை விசிறி. கதவு திறந்துதான் இருந்தது.

அதற்கப்புறம் எனக்குத் தெரியாது. அதைத்தான் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், கண் விழித்தேன், குழந்தை இல்லை. மணி இரண்டரை. கட்டில் காலி. அவன் பால் புட்டி இருந்த இடமும் காலி. ஒரு நிமிஷம் எனக்கு எந்த ஊர் என்றே தெரியவில்லை. பிறகு வராந்தாவுக்கு ஓடி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "என் புள்ளையக் காணோம், அந்தப் பெருக்குறவ தூக்கிட்டுப் போயிட்டா" என்று கத்தினேன். அவ்வளவுதான். அடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

படகு நிழலில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். அத்தனை பேரும் ஒன்றாக எழுந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். மேனேஜர் கீழே நின்று, "பச்சப் பொடவ! அதே பொம்பளதான்டா!" என்று கத்தினார். அவள் கட்டியிருந்தது பச்சை இல்லை, காப்பிக்கொட்டை நிறம். ஆனால் அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் பச்சை என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஏலக்கூடத்தில் இருந்தாள். உங்களுக்குத் தெரியுமே, கரையோரம் மீன் ஏலம் விடுகிற அந்தப் பெரிய கொட்டகை. தடைக்காலம் என்பதால் கழுவி விட்டது போலச் சுத்தமாகக் கிடந்தது. உயரமான கூரை, நாலு பக்கமும் சுவர் இல்லை. ஊரிலேயே அங்கே மட்டும்தான் காற்று. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் தரையில் குனிந்து கிடந்தாள். மணிக்கட்டு திரும்பியிருந்தது, உதடு கிழிந்திருந்தது. குழந்தை? குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை அக்கா. அவன் அவளுக்கு அடியில் இருந்தான். அவள் அவன்மேல் கவிழ்ந்து முதுகைக் காட்டியிருந்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு நான் லாட்ஜுக்கு ஓடிவிட்டேன். போலீஸ் ஜீப் வந்தது. சாயங்காலம் இங்கே வந்து எழுதிக் கொடுத்தேன். "என் சம்மதமில்லாமல், நான் அயர்ந்திருந்த நேரத்தில் அறைக்குள் வந்து" என்று எழுதினேன். நல்ல தமிழ் என்று அதற்கும் பாராட்டினார்கள்.

அவளுக்குக் கட்டுப்போட்டு உள்ளே வைத்தார்கள். பதினைந்து நாள் இருந்துவிட்டு இப்போது ஜாமீனில் வந்திருக்கிறாள். அவள் தங்கை மேலே எங்கெங்கோ மனு போட்டிருக்கிறாள் போல. குழந்தையை நான்தான் அவளிடம் கொடுத்தேன் என்று சொல்கிறார்களாம். அதனால் என்னை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு ஒரே கேள்விதான். அவள் எடுத்தாளா, நான் கொடுத்தேனா. எடுத்தாள் என்றால் கேஸ் நடக்கும், அவள் மறுபடி உள்ளே போவாள். கொடுத்தேன் என்றால் கேஸே இல்லை.

என் வீட்டுக்காரர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லு ஜெனோ. எடுத்தாள்னும் சொல்ல வேணாம், குடுத்தேன்னும் சொல்ல வேணாம்." நல்லவர்தான். நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறார். இப்போதுகூட அந்த ஐஸ் கம்பெனிக்குத்தான் போயிருக்கிறார், இன்னும் ஐந்து நாளில் தடை முடிகிறதே, மெஷின் ஓடணும். எஸ்.ஐ. வந்ததும் ரைட்டர் போனில் கூப்பிடுவார், உடனே வந்துவிடுவார். ஞாபகம் இல்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பழைய வாக்குமூலம் இருக்கும், கோர்ட்டு பாத்துக்கும்" என்றார்.

கொடுத்தேன் என்று சொன்னால் எனக்கு என்ன ஆகும் தெரியுமா அக்கா? அத்தை ஏற்கெனவே என் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டார்கள். "உங்க பொண்ணு கொஞ்ச நாள் உங்க வீட்டுல வந்து தூங்கட்டும், புள்ளைய நாங்க பாத்துக்கறோம்." எத்தனை நாள் என்று சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, கொடுத்ததே மறந்து, ஊரைக் கூட்டியவள் என்று காகிதத்தில் என் கையெழுத்தோடு இருந்தால், அப்புறம் யார் என் கையில் அவனைக் கொடுப்பார்கள்? நீங்கள் கொடுப்பீர்களா? உங்களுக்குப் பேரப்பிள்ளை இருந்தால் ஒரு நிமிஷம் என்னிடம் கொடுப்பீர்களா?

பாருங்க, போனை எடுக்கிறீர்கள்.

என்ன, படமா? என் குழந்தையின் படமா? உங்கள் போனிலா? எனக்குத் தெரியாதே. யார் எடுத்தது? போலீஸைப் பார்த்ததும் ஓடிப்போன பயல்களில் எவனோ எடுத்திருக்கிறான், அடிப்பதற்கு முன்னால். "பிள்ளை பிடிப்பவள் சிக்கினாள்" என்று போட்டிருக்கிறதா... கொஞ்சம் காட்டுங்க. வெயிலில் தெரியவில்லை, இப்படி நிழலில் காட்டுங்க.

ஐயோ, தூங்குகிறான் அக்கா.

எப்படித் தூங்குகிறான் பாருங்க. வாய் திறந்து. என்னிடம் ஒரு நாளும் இப்படித் தூங்கியதில்லை. அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். யாரோ வருகிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள், பயம்கூட இல்லை முகத்தில். சத்தம் போடாதீங்க, புள்ள தூங்குறான் என்று சொல்ல வருகிற மாதிரி இருக்கிறது. இதைப் பெரிசாக்க முடியுமா? இங்கே, தோள்பக்கம். இன்னும். அவன் கன்னத்துக்கு அடியில்.

அது என் துண்டு.

இல்லை அக்கா, துண்டு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கட்டில்மேல்தான் கிடந்தது. நான் பார்ப்பது அதை இல்லை. நாலாக மடித்திருக்கிறது, சரி, அதையும் யாரும் மடிக்கலாம். இந்தப் பக்கம் பாருங்க, தோளுக்குப் பின்னால் பளிச்சென்று ஒன்று. ஊக்கு. துண்டு நழுவாமல் ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்கு குத்தியிருக்கிறது. கான்வென்ட்டில் எங்களுக்குக் கைக்குட்டையை நாலாக மடித்து இப்படித்தான் குத்தி அனுப்புவார்கள். நான் என் பிள்ளையை யார் தூக்கினாலும், அவர்கள் வியர்வை அவன் கன்னத்தில் படக்கூடாது என்று, துண்டை மடித்து அவர்கள் தோளில் ஊக்கு குத்துவேன். அத்தைக்குக்கூடக் குத்துவேன். அத்தைக்கு அதில்தான் முதல் கோபம். வேறு யாரும் இதைச் செய்ய மாட்டார்கள் அக்கா. குழந்தையைத் திருடிக்கொண்டு போகிறவள் தன் தோளுக்குப் பின்னால் தானே ஊக்கு குத்திக்கொள்வாளா?

"ஏ தாயி, எனக்கு என்ன மெடலா குத்துற?" என்று கேட்டாள்.

அவள்தான். அந்தப் பெரிய குரலில். இப்போதுதான் கேட்கிறது எனக்கு. நான் சிரித்தேன் அக்கா. எத்தனையோ நாளுக்கு அப்புறம் சிரித்தேன். புட்டியை நானே நிரப்பி அவள் இடுப்பில் சொருகினேன். "இங்க வேணாம், புழுக்கமா இருக்கு, எங்க காத்து வருதோ அங்க கொண்டுபோங்க" என்று சொன்னதும் நான்தான். "நீ படு தாயி, அவன் எந்திரிச்சா தூக்கிட்டு வாரேன்" என்றாள். நான் படுத்தேன். அவள் கதவைச் சாத்தும்போதே தூங்கியிருப்பேன்.

தண்ணீர் வேண்டாம். பரவாயில்லை. குடிக்கிறேன், கொடுங்க.

உங்களிடம் இன்னொன்று சொல்லணும். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றேனே, அது அப்படி இல்லை. முடியவில்லை. நான் போனபோது இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். தலையைத் தூக்கி, "நீ சொல்லு தாயி, நீ சொல்லு" என்றாள். இரண்டு தடவை. எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். என் பிள்ளை தெரிந்தான், அவ்வளவுதான் தெரிந்தது. குனிந்து இழுத்தேன். வரவில்லை. துண்டு அவன் காலில் சுற்றிக்கொண்டு, அவள் தோளில் மாட்டி இழுத்தது.

நான்தான் ஊக்கைக் கழற்றினேன். பார்க்காமல், தடவிக்கூடப் பார்க்காமல், கை நேராக அங்கே போய்க் கழற்றியது. கழற்றி என் புடவையில் குத்திக்கொண்டேன். பிறகு ஓடினேன். எனக்குப் பின்னால் மறுபடி ஆரம்பித்த சத்தம் கேட்டது.

ஞாபகம் இல்லை என்று இத்தனை நாள் சொன்னது பொய்யா, நிஜமா? நீங்களே சொல்லுங்க. என் தலைக்குத் தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கைக்குத் தெரிந்திருக்கிறது.

அவளிடம் இதைச் சொல்ல முடியுமா? அதோ, எதிரே டீக்கடைப் பந்தலில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். ஸ்டேஷன் வாசலுக்கு வரமாட்டேன் என்கிறாளாம், கூப்பிட்டால் வருவாளாம். நான் இந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறேன். சற்று முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு டீ வாங்க வந்தாள், நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. குழந்தை தெய்வானை பக்கம் கையை நீட்டியது. அவள் எழுந்து பந்தலுக்கு வெளியே வெயிலில் போய் நின்றுவிட்டாள். அவர்கள் போகிறவரைக்கும் வெயிலிலேயே நின்றாள்.

எஸ்.ஐ. வண்டியா அது? வந்துவிட்டாரா?

அக்கா, கேளுங்க, ரைட்டர் இப்போது என் வீட்டுக்காரருக்கு போன் போடுவார். ஐஸ் கம்பெனி இங்கேதான், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார். அவர் வந்து என் பக்கத்தில் நின்றால் நான் ஞாபகம் இல்லை என்றுதான் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்ப்பேன், என் பிள்ளை ஞாபகம் வரும், கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது ஞாபகம் வரும், வாய் தானாக அதைச் சொல்லிவிடும். அதற்குள் உள்ளே போகணும்.

நீங்களும் வாங்க. உங்கள் ரேஷன் கார்டு எங்கேயும் போகாது, நான் எழுதித் தருகிறேன். அந்தப் படத்தை அழித்துவிடாதீங்க. நான் உள்ளே போய் மாற்றிப் பேசினால், ஒரு வார்த்தை மாற்றினாலும், நீங்கள் சொல்லணும். "இந்தப் பொண்ணு வெளிய பெஞ்சுல உக்காந்து என்கிட்ட வேற மாதிரி சொல்லிச்சு" என்று சொல்லணும். என் எதிரிலேயே சொல்லணும். சொல்வீர்களா? நான் அழுதாலும் சொல்லணும்.

கூப்பிடுகிறார்கள். நான்தான் சார், ஜெனோவா, வருகிறேன்.

இல்லை அக்கா, கையைப் பிடிக்க வேண்டாம். பின்னால் நில்லுங்க, போதும்.